கரடி டப்பாவுக்குள் பொருள்விளங்கா உருண்டை

முதலில் அந்த டப்பாவைப் பார்த்துவிடுங்கள்! நீலச் சாயல் அடிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே 11.5 லிட்டர் இடம். காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். மூடியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. விரலால் அதை உள்ளே அமுக்கிக்கொண்டே திருகினால்தான் திறக்கும். கரடியின் பாதத்துக்கு அந்த வேலை வரக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இதற்குக் ‘கரடி டப்பா’ என்றே பெயர்.

சரி, மூடியைத் திறக்கலாமா? மேல் அடுக்கில் பொருள்விளங்கா உருண்டை. அதற்குக் கீழே காய்ந்த சாம்பார், காய்ந்த ரசம், காய்ந்த சோறு, எல்லாம் தட்டையான பொட்டலங்களில். இடுக்கு விடாமல் பருப்புப் பொடி, நெய், கடலைமிட்டாய், மோர் மிளகாய். ஓரத்தில் கோடாலித் தைலம்! அது சாப்பாடு இல்லையே என்கிறீர்களா? வாசனை இருக்கிறதே! பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசுவது, தைலம் என்று மணக்கிற எதுவும் ராத்திரி டென்டுக்குள் இருக்கக்கூடாது. டப்பாவில் போட்டு மூடி, முப்பது மீட்டர் தள்ளி வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் இது பழக்கம். பல இடங்களில் சட்டமும்கூட.

இந்த டப்பாவைச் சுமந்துகொண்டு நானும் என் மகளும் நடந்தது ஜான் மியூர் டிரெயில். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹேப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் தொடங்கி, 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தின் உச்சியில் முடியும் பாதை. ஏறத்தாழ 340 கிலோமீட்டர். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், அமெரிக்காவிலேயே மிக உயரமான சிகரம் விட்னிதான். பெரும்பாலானவர்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். வழியில் கடைகள் மிகக் குறைவு, விடுதிகள் வரிசையாக இருக்காது, பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் இல்லை. மகள் சியாட்டிலில் வேலை பார்க்கிறாள், நாங்கள் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். வளர்ந்த பிள்ளையோடு இத்தனை நாள் சேர்ந்தாற்போல் இருக்கக் கிடைப்பதே அபூர்வம். உச்சியில் எடுத்த படத்தைப் பார்த்து எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆனால் எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பதெல்லாம் அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்தவை. உள்ளே வாருங்கள், ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்!

முதல் வேலை பெர்மிட். யோசெமிட்டியிலிருந்து கிளம்பி டோனஹ்யூ கணவாய் வழியாகத் தெற்கே போக ஆசைப்படுகிறவர்கள் அவ்வளவு பேர். கூட்டம் தாங்காமல் 2015-ல் நாளொன்றுக்கு 45 பேர்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். புறப்படும் தேதிக்கு 24 வாரம் முன்பே குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் மகள் இதற்கென்றே ஒரு எக்செல் ஷீட் போட்டிருந்தாள். எந்த வாரம் பனி உருகி ஓடைகள் குறைந்திருக்கும், எந்த வாரம் கொசு அதிகம், நிலா என்றைக்கு முழுசாக இருக்கும் என்று தனித்தனிப் பத்தி! குலுக்கலில் பெயர் விழுந்த அன்று நான் காய்கறிக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “அம்மா, கெடச்சிருச்சு!” என்று போனில் கத்தினாள். நானும் கத்தினேன். கடைக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

இனி சமையலறை. அங்கேதான் உண்மையான கொண்டாட்டம்!

மலையில் ஏன் பருப்பு வேகாது தெரியுமா? கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் துவரம்பருப்பு அப்படியே கல்லாய்க் கிடக்கும். கையில் இருப்பதோ ஒரு சின்ன கேஸ் சிலிண்டர். ஆகவே வீட்டிலேயே குழைய வேகவைத்து, சாம்பாராகவே செய்து, அதைக் காயவைத்து எடுத்துப் போக வேண்டும். அங்கே வெந்நீர் ஊற்றி மூடி, கால் மணி நேரம் பொறுத்தால் போதும்.

அதற்கு டீஹைட்ரேட்டர் என்று ஒரு மிஷின். தட்டுத் தட்டாக அடுக்கி, 57 டிகிரி வைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். மொட்டைமாடியில் வேட்டி விரித்து வத்தல் பிழிந்து, காக்கா விரட்டி வளர்ந்த மதுரைக்காரிக்கு இந்த மிஷினில் என்ன புதுசு? வெயிலுக்குப் பதில் கரண்டு, அவ்வளவுதான். சாம்பாரைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் காலையில் தகடாக உரிந்து வரும். அதை மிக்சியில் ஒரு சுற்று. ரசம் பொடிப்பொடியாக உதிரும். சோறு திரும்பவும் அரிசியாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கலகலக்கும். எதிலும் எண்ணெய் விட்டுத் தாளிக்கக்கூடாது, கொழுப்பு இருந்தால் சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும். நெய்யைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே விட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிராம் நெய்யில் 9 கலோரி. சுமக்கிற எடைக்கு இவ்வளவு தெம்பு கொழுப்பைத் தவிர வேறெதிலும் கிடைக்காது.

அந்த வாரங்களில் வீடு முழுக்கப் பெருங்காயமும் மல்லியும் மணத்துக்கொண்டே இருந்தன. மகள் விடுப்பு எடுத்து வந்து என்னோடு நின்றாள். தராசில் வைத்து, கவரில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, மேலே பேனாவால் எழுதுவாள்: ‘செவ்வாய் ராத்திரி, கூட்டு, 240 மி.லி. தண்ணீர்’. முறுக்கைக் கொண்டுவந்து வைத்தேன். “அம்மா, இதுக்குள்ள பாதி காத்துதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அத்தனையையும் இடித்துத் தூளாக்கி ஒரு கவரில் இறுக்கினாள். தயிர்ப் பவுடரைக் கரைத்துப் பிசைந்த சோற்றின் மேல் அந்த முறுக்குத் தூளைத் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்!

பொருள்விளங்கா உருண்டைக்குத்தான் முதல் மரியாதை. வறுத்த அரிசி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, சுக்கு, ஏலக்காய் எல்லாம் அரைத்து வெல்லப்பாகு ஊற்றி இறுகப் பிடித்தது. கெடாது, நசுங்காது, கொஞ்ச இடத்தில் நிறைய சக்தி. விளையாட்டுக் கடைகளில் விற்கும் எனர்ஜி பார்களை மகள் ஒவ்வொன்றாக எடைபோட்டு, கலோரி கணக்கிட்டு, ஷீட்டில் எழுதி, கடைசியில் என் பாட்டியின் உருண்டைக்கு முதலிடம் கொடுத்தாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு எடைப் பஞ்சாயத்து. சமையல் தராசை மேஜையில் வைத்து, என் மூட்டையில் போகப்போகிற ஒவ்வொன்றையும் அவள் நிறுத்தாள். இரண்டாவது சால்வை? “வேணாம்மா.” எவர்சில்வர் டம்ளர்? “டைட்டானியம் மக்கு ஒண்ணு போதும்மா.” பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினாள். கோடாலித் தைலம் வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் யோசித்து, “இது இருக்கட்டும்” என்றாள். பாருங்கள், தைலத்தின் அருமை தெரிந்த பிள்ளை!

பயிற்சிக்கு எங்கள் ஊர் மிஷன் பீக். 767 மீட்டர் உயரம், நிழலே இல்லாத ஏற்றம். முதுகுப்பையில் பொன்னி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஏறுவேன். அதே நேரம் அவள் சியாட்டில் பக்கத்து மலை ஒன்றில் ஏறிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் உச்சியிலிருந்து வீடியோ கால் போட்டு வேர்த்த முகத்தைக் காட்டிக்கொள்வோம்.

இன்னொரு ரகசியம், வாளிகள். மூன்று வாரச் சாப்பாட்டை யாராலும் ஒரே தடவையில் சுமக்க முடியாது. பாதை ஏறக்குறைய பாதி முடியும் இடத்தில் மியூர் டிரெயில் ராஞ்ச் என்ற பண்ணை இருக்கிறது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் சாப்பாட்டை அடைத்து, பெயர் எழுதி, சில வாரம் முன்பே தபாலில் அனுப்பிவிட வேண்டும். நாம் நடந்து போய்ச் சேரும்போது வாளி காத்திருக்கும். அங்கே வரிசையாகப் பீப்பாய்களும் வைத்திருக்கிறார்கள். தனக்கு அதிகமானதை அதில் போட்டுவிடலாம், வேண்டியதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஓட்ஸ் பாக்கெட் மலையாகக் குவிந்து கிடந்தது. அதே ஓட்ஸைத் தினமும் தின்று அலுத்துப்போனவர்கள் போட்டது. நாங்கள் காய்ந்த புளியோதரையில் இரண்டு பொட்டலம் போட்டோம், ‘காரம்!’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி. நாலைந்து நாள் கழித்து ஒரு கணவாய் ஏறும்போது, பின்னாலிருந்து ஒரு இளைஞன் மூச்சிரைக்க வந்து, “அதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டான். பாறையில் உட்கார்ந்து முழுச் செய்முறையும் சொல்லிக் கொடுத்தோம். புளிக்காய்ச்சலுக்கு வெந்தயம் எவ்வளவு வறுக்க வேண்டும் என்பதுவரை குறித்துக்கொண்டான்!

நடையில் எங்கள் ஏற்பாடு இப்படி. நான் முன்னால், அவள் பின்னால். மெதுவாக நடப்பவர் முன்னால் போனால்தான் இருவருக்கும் மூச்சு ஒழுங்காக இருக்கும் என்று அவள் வைத்த விதி. மாலையில் டென்ட் அடிப்பது அவள் வேலை, தண்ணீர் எடுப்பது என் வேலை. ஓடைத் தண்ணீர் பார்க்கக் கண்ணாடிதான், ஆனால் ஜியார்டியா என்ற கிருமி இருக்கலாம். பையில் மொண்டு, பில்டர் மாட்டி, பிழிந்து பிழிந்து பாட்டிலில் நிரப்ப வேண்டும். விரல் விறைத்துப் போகும். ஆனால் அந்தத் தண்ணீரின் ருசி! மூவாயிரம் மீட்டருக்கு மேல் பெரும்பாலும் விறகு மூட்ட அனுமதி கிடையாது. இருக்கிற ஒரு சின்ன அடுப்பைச் சுற்றி இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாம்பார் உயிர்பெற்று எழுவதை வேடிக்கை பார்ப்போம்.

எல்லாப் பெண்களும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை இல்லை. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப் போய், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, மூடிவிட்டு வர வேண்டும். காகிதத்தை மட்டும் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விட்னி பகுதியில் குழியும் கூடாது. அதற்கென்று தனிப் பை இருக்கிறது, அவரவருடையதை அவரவரே சுமந்து கீழே இறக்க வேண்டும். வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் ஏறும் மலை! அப்படியும் அவ்வளவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நம் ஊர் மலைகளிலும் இந்தப் பழக்கம் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நாம் பார்ப்பதே இல்லை. தீபாவளிக்கு வருகிறார்கள், தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். ஒரு முடிவை எப்படி எடுப்பார்கள், பிரச்சினை வந்தால் குரல் எப்படி மாறும், யோசிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவர்களோடு வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். பெற்றவர்களுக்கு அந்தப் பக்கம் திரை போட்டே இருக்கும். இந்த நடையில் எனக்கு அந்தத் திரை விலகியது!

பின்ச்சோ கணவாய்க்குக் கீழே ஒரு நாள். உயரம் 3,697 மீட்டர். காலையில் துடைத்துவிட்டிருந்த வானத்தில், உச்சிப்பொழுதுக்கு முன்பே வெள்ளை மேகம் காலிஃபிளவர்போல் குமிழ் குமிழாக எழும்பத் தொடங்கியது. எனக்குக் காலில் நல்ல வேகம் இருந்தது, போய்விடலாம் என்றேன். அவள் பையை இறக்கி வைத்தாள். மேப்பைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: மேலே ஒதுங்க மரம் இல்லை, இடி வந்தால் அந்த வெட்டவெளியில் நாம்தான் உயரமாக நிற்போம், இங்கே மரக்கூட்டத்தில் தங்கிவிட்டு விடியுமுன் ஏறலாம். “நீ என்னம்மா நெனைக்கிற?” என்று கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை நான் மறக்கவே மாட்டேன். அவளுடைய டீமில் இருப்பவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்! சாயங்காலம் ஆலங்கட்டி கொட்டித் தீர்த்தது. டென்டுக்குள் படுத்துக்கொண்டு கூரைமேல் அது படபடவென்று விழுவதைக் கேட்டபடி கடலைமிட்டாய் தின்றோம்.

பேச்சு? பகலில் அதிகம் இல்லை, ஏற்றத்தில் மூச்சுக்கே நேரம் சரியாக இருக்கும். ராத்திரியில்தான் எல்லாம் வரும். நான் மதுரையில் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது, கணவரைச் சார்ந்து வருகிறவர்களுக்கான எச்-4 விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. “உன் முதல் சம்பளத்துல என்ன வாங்குனம்மா?” என்று ஒரு ராத்திரி கேட்டாள். அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் என்றேன். அதிலிருந்து தொடங்கி, லேபில் நடந்த கதைகள், என் மாணவிகள், அப்போது நான் படிக்க நினைத்தது என்று ஓடியது பேச்சு. மறுநாள் என் முறை. ஆபீஸில் நீ காலையிலிருந்து என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். ரே ஏரிகளைப் பார்த்தபடி தொடங்கியவள் க்ளென் கணவாய் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு எல்லாம் புரிந்தது!

இடங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், அதனால் ஒன்றிரண்டு மட்டும். எவல்யூஷன் பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் சிகரங்களின் பெயர்களைக் கேளுங்கள்: டார்வின், வாலஸ், ஹக்ஸ்லி, ஹெக்கல், ஸ்பென்சர், ஃபிஸ்க். பரிணாமக் கொள்கையோடு சேர்ந்தவர்களின் பெயர்களை 1895-ல் இவற்றுக்குச் சூட்டியவர் தியோடர் சாலமன்ஸ். மலைமுகடுகளை ஒட்டி இப்படி ஒரு பாதை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது 1884-ல், பதினான்கு வயதுப் பையனாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது. அதற்கும் எத்தனையோ தலைமுறை முன்பே பையூட் பழங்குடி மக்கள் இந்தக் கணவாய்கள் வழியாக எரிமலைக் கண்ணாடிக் கல்லும் உப்பும் சுமந்துபோய்ப் பண்டமாற்று செய்திருக்கிறார்கள். பாதைக்குப் பெயர் தந்த ஜான் மியூர் இறந்தது 1914-ல், பாதை வெட்டத் தொடங்கியது மறு வருஷம். ‘தங்கப் படிக்கட்டு’ என்ற செங்குத்தான பகுதியை 1938-ல் முடித்தபோதுதான் பாதை முழுமையானது. அது மியூர் பிறந்து நூறாவது வருஷம்.

3,644 மீட்டர் உயரத்தில் மியூர் கணவாய். சுற்றிலும் மரம் மட்டையே இல்லாத கல்வெளி. நடுவில் 1930-ல் கட்டிய கருங்கல் குடில், கூரைகூடக் கல்தான். உள்ளே சுவரை ஒட்டிய கல் திண்ணையில் உட்கார்ந்து, சோற்றில் பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். வாசலில் மார்மட் என்ற மலைப் பிராணி ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி, கொடுக்கவில்லை!

ஃபாரஸ்டர் கணவாய் 4,009 மீட்டர், பாதையில் உள்ள கணவாய்களிலேயே உயரமானது. கீழிருந்து பார்த்தால் அந்தச் சுவரில் வழி இருப்பதாகவே தெரியாது. கிட்டே போகப் போகத்தான் கல்லில் வெட்டிய வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். மேலே பாறை இடுக்கில் ஊதா நிறத்தில் ஒரு பூ. ஸ்கை பைலட் என்று பெயர், இவ்வளவு உயரத்தில்தான் பூக்குமாம். அதைக் குனிந்து முகர்ந்துவிட்டு மகள் என்னையும் இழுத்து முகரவைத்தாள்.

கடைசி ராத்திரி கிட்டார் ஏரி. உண்மையிலேயே கிட்டார் வடிவம்! நடுச்சாமத்துக்கு மேல் எழுந்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பினோம். மலைச்சுவரில் மேலும் கீழும் மற்றவர்களின் விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. பாதைகள் சந்திக்கும் இடத்தில் பெரிய மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீரும் உருண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினோம். உச்சியில் 1909-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் கட்டிய கல் வீடு, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு. தமிழிலேயே எழுதினோம். சூரியன் வந்தபோது இரண்டு பேரும் கத்திய கத்தலில், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களெல்லாம் எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பாதை உச்சியோடு முடிந்தாலும் நடை முடியாது. விட்னி போர்ட்டல் வரை இன்னும் சுமார் 17 கிலோமீட்டர் இறக்கம், அதில் ‘99 வளைவுகள்’ என்றே பெயர் பெற்ற ஒரு பகுதி. இறங்கிப் போனால் அங்கே ஒரு சின்னக் கடை. அவர்கள் சுடும் பான்கேக் தட்டுக்கு வெளியே தொங்கும். ஆளுக்கு ஒன்று வாங்கிச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “அடுத்து என்ன?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

டீஹைட்ரேட்டர் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. சன்னிவேலில் ஒரு நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவரும் கல்லூரி முடித்த அவர் மகனும் அடுத்த கோடைக்குக் குலுக்கல் போட்டு, பெர்மிட் வாங்கிவிட்டார்கள். எக்செல் ஷீட்டை என் மகள் அனுப்பிவைத்தாள். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. “அக்கா, வத்தக்குழம்பு காயுமா?” என்று கேட்டார். எண்ணெய் இல்லாமல் வையுங்கள், எட்டு மணி நேரம் ஓடட்டும், நடுவில் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள் என்றேன். பின்னாலிருந்து பையனின் குரல் கேட்டது, “அப்பா, அதுல எத்தனை கிராம்னு கேளுங்க!”